எதிலிருந்து வந்தது இந்த உலகம்? ஆதி கிரேக்கர்களின் நீண்ட வாக்குவாதம்

பொது அறிவுப் புத்தகங்களில் இதை ஒரு பட்டியலாகப் போட்டு முடித்திருப்பார்கள். தேலீஸ் – நீர். அனாக்ஸிமினஸ் – காற்று. ஹெராக்ளிடஸ் – நெருப்பு. எம்பெடாக்ளிஸ் – நிலம், நீர், காற்று, நெருப்பு நான்கும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் இதை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. பெரிய தத்துவ ஞானிகள் என்கிறார்கள், ஆளுக்கொரு பொருளைக் கைகாட்டிவிட்டுப் போனதைத் தவிர இவர்கள் என்னதான் செய்தார்கள்?

பட்டியலில் விடைகள் மட்டும்தான் இருக்கின்றன. முந்தியவர் சொன்னதில் அடுத்தவர் என்ன ஓட்டையைக் கண்டுபிடித்தார் என்பது அதில் இல்லை. அதையும் சேர்த்துப் படித்தால் இது கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஓடிய ஒரே வாக்குவாதம் என்பது தெரியும். இந்தக் கட்டுரையில் அந்த வாக்குவாதத்தின் போக்கில் போவோம். எல்லாரையும் சமமாகப் பார்க்கப்போவதில்லை. சிலரிடம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு முன்னால் கிரேக்கர்களிடம் உலகத் தோற்றக் கதை இல்லாமல் இல்லை. கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற கவிஞர் 'தியோகோனி' என்ற காவியத்தில் அதைப் பாடியிருக்கிறார். முதலில் உண்டானது கேயாஸ், அதாவது வாய் பிளந்த ஒரு வெற்றிடம். அப்புறம் பூமித்தாய் கையா, பாதாளமாகிய டார்டரஸ், காதல் தெய்வமான ஈரோஸ். பூமி வானத்தைப் பெற்றெடுக்கிறாள். பிறகு அந்த வானத்தையே கூடி மலைமலையாகப் பிள்ளைகள் பெறுகிறாள். அழகான கதைதான். ஆனால் இதை எதிர்த்துக் கேள்வி கேட்க வழியில்லை. கலைத் தெய்வங்களான மியூஸ்கள் தனக்குச் சொன்னதாக ஹெசியட் சொல்லிவிடுகிறார். மியூஸ்களிடம் போய் யார் ஆதாரம் கேட்பது?

கேள்வி கேட்க இடம் கொடுத்த முதல் பேச்சு மிலேட்டஸ் நகரத்தில் தொடங்கியது. இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரையில், மியாண்டர் ஆறு கடலில் கலந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பணக்காரத் துறைமுகம் அது. கருங்கடலைச் சுற்றி இந்த நகரத்தார் அமைத்த குடியேற்றங்கள் ஏராளம். எகிப்தின் நௌக்ராட்டிஸ் வரை வியாபாரம் இருந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் துறைமுகம் தூர்ந்துபோய், இன்று அந்த இடிபாடுகள் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கின்றன.

தேலீஸ் இந்த ஊர்க்காரர். கி.மு. 585 மே 28 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னவர் என்று அவருக்குப் பெயர். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அன்றைய அறிவை வைத்து அவரால் அப்படிக் கணித்திருக்க முடியுமா என்பதில் இன்றைய ஆய்வாளர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. அவர் எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அரிஸ்டாட்டில் சொல்வதை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்கும் அது கேள்விஞானம்தான்.

தேலீஸ் சொன்னதாக அவர் தருவது இரண்டு. எல்லாவற்றுக்கும் முதற்பொருள் நீர். பூமி அந்த நீரின்மேல் மரக்கட்டைபோல மிதக்கிறது. ஏன் நீர் என்பதற்குக் காரணத்தை அரிஸ்டாட்டிலே ஊகிக்கிறார்: உயிர்களின் உணவில் ஈரம் இருக்கிறது, விதைகளில் ஈரம் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்று.

இங்கே 'முதற்பொருள்' என்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆதியில் என்ன இருந்தது என்பது ஒன்று. இன்றைக்கும் எல்லாப் பொருளுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. அரிஸ்டாட்டில் இதற்கு 'ஆர்கே' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இந்த இரட்டைக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

நீரிலிருந்து உலகம் தொடங்கியது என்பது புதிய கருத்து அல்ல. பாபிலோனியரின் படைப்புக் காவியம் நன்னீராகிய அப்சுவும் உவர்நீராகிய தியாமத்தும் கலந்து கிடந்ததிலிருந்துதான் தொடங்குகிறது. எகிப்தியருக்கும் நூன் என்ற ஆதி வெள்ளம் உண்டு. மிலேட்டஸ் வியாபாரிகளின் காதில் இதெல்லாம் விழாமல் இருந்திருக்காது. தேலீஸிடம் புதிதாக இருப்பது, அந்த நீருக்குப் பெயரும் கோபமும் வம்சமும் இல்லை என்பதுதான். நிலநடுக்கம் ஏன் வருகிறது? கடல் தெய்வமான பொசைடன் தன் சூலத்தால் பூமியை உலுக்குவதால் என்பது ஊர் நம்பிக்கை. நீரில் மிதக்கும் பூமி கப்பலைப்போல ஆடுவதால் என்று தேலீஸ் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் செனெக்கா எழுதியிருக்கிறார். விடை தப்புதான். ஆனால் இது தப்பு என்று காட்ட முடிகிற விடை. அதற்காக அவரை நாத்திகராக்கிவிடவும் வேண்டாம். 'எல்லாம் தெய்வங்களால் நிறைந்திருக்கிறது' என்ற வாசகமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, பூமியை நீர் தாங்குகிறது என்றால் நீரை எது தாங்குகிறது?

இந்தக் கேள்வியைக் கடந்து போனவர் அதே ஊரைச் சேர்ந்த அனாக்ஸிமாண்டர். தேலீஸைவிடக் கொஞ்சம் இளையவர். அவருடைய மாணவர் என்பது மரபு. என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்திலேயே மிகத் துணிச்சலான மூளை இவருடையதுதான். பூமியை எதுவுமே தாங்கவில்லை என்றார். அது எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாப் பக்கமும் சம தூரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் நகர்வதற்கு ஒரு காரணம் இருந்தால் அந்தப் பக்கம் நகர்வதற்கும் அதே காரணம் இருக்கும். ஆகவே எந்தப் பக்கமும் நகராமல் அங்கேயே நிற்கிறது. ஆமை, யானை, தூண், கடல் என்று எந்த முட்டும் கொடுக்காமல் வெறும் தர்க்கத்தை வைத்தே பூமியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். அவர் கற்பனை செய்த பூமி உருண்டை அல்ல, உருளை. அதன் உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தட்டையான முகத்தின்மேல் நாம் வாழ்கிறோம்.

முதற்பொருள் விஷயத்திலும் குருவை மறுத்தார். அவருடைய வாதத்தை இப்படி விளங்கிக்கொள்ளலாம். நீர் ஈரம், குளிர்ச்சி. நெருப்பு அதற்கு நேர் எதிரி. ஆதியில் எல்லையில்லாத நீர் மட்டும்தான் இருந்தது என்றால் நெருப்பு தலைகாட்டியிருக்கவே முடியாது, தோன்றும்போதே அணைந்திருக்கும். நெருப்பை முதலாக வைத்தால் நீருக்கும் அதே கதி. ஆகவே முதற்பொருள் இந்தச் சண்டைக்காரர்களில் ஒருவராக இருக்க முடியாது. அது நீரும் அல்ல, நெருப்பும் அல்ல. இன்ன தன்மையுடையது என்று வரையறுக்க முடியாத, முடிவற்ற ஏதோ ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் 'அபெய்ரான்', எல்லையற்றது.

கண்ணால் காண்கிற எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணால் காணவே முடியாத ஒன்றைக் காரணமாக வைத்தது இதுதான் முதல் தடவை. எதையாவது பார்த்து அவர் இந்த முடிவுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் சரிப்பட்டு வராது என்று யோசித்து வந்தார்.

அப்புறம் உலகம் உண்டான விதத்தையும் சொன்னார். எல்லையற்றதிலிருந்து வெப்பத்தையும் குளிர்ச்சியையும் பிறப்பிக்கும் ஏதோ ஒன்று பிரிந்து வந்தது. மரத்தைப் பட்டை மூடியிருப்பதுபோல, பூமியைச் சூழ்ந்த காற்றை ஒரு நெருப்புக் கோளம் மூடியிருந்தது. அது உடைந்து வளையங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு வளையமும் மூடுபனி போர்த்திய நெருப்புச் சக்கரம். போர்வையில் ஆங்காங்கே துளைகள். துளை வழியாகத் தெரியும் உள் நெருப்பைத்தான் நாம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்கிறோம். துளை அடைபட்டால் கிரகணம். சூரியனின் சக்கரம் பூமியைப்போல 27 மடங்கு, சந்திரனுடையது 18 மடங்கு என்று அளவுகூடச் சொன்னதாகக் குறிப்புகள் இருக்கின்றன. அளந்து கிடைத்த எண்கள் அல்ல இவை. மூன்றின் மடங்குகளில் அவருக்கு ஒரு பிரியம் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் வானத்துக்கு ஆழம் உண்டு, ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில் என்ற எண்ணம் இங்கேதான் வருகிறது.

உயிர்களையும் விடவில்லை. முதல் உயிர்கள் ஈரத்தில் தோன்றின என்றார். மனிதக் குழந்தைக்கு நெடுங்காலம் பராமரிப்பு வேண்டும்; முதல் மனிதர்கள் இப்படிக் குழந்தைகளாகவே வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள்; எனவே மீன் போன்ற உயிர்களுக்குள் வளர்ந்து, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வயதில்தான் வெளியே வந்திருப்பார்கள். இதைப் பரிணாமக் கொள்கை என்று சிலர் கொண்டாடுவதுண்டு. அது மிகை. ஓர் இனம் இன்னோர் இனமாக மாறுவது பற்றி இங்கே பேச்சே இல்லை. ஆனால் 'முதல் குழந்தைக்கு யார் பாலூட்டியது?' என்று யோசித்துப் பார்த்த மனம் இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

அவர் எழுதிய நூலிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு வாக்கியம். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் மேற்கோள் காட்டியதால் தப்பியது. பொருள்கள் எதிலிருந்து தோன்றினவோ அதிலேயே அழிகின்றன, ஒன்றுக்கொன்று இழைத்த அநீதிக்குக் காலத்தின் தீர்ப்புப்படி ஈடு கொடுக்கின்றன என்பது அதன் சாரம். கோடை குளிரை அடக்குகிறது, குளிர்காலம் வந்து கணக்கைத் தீர்க்கிறது. இயற்கைக்குள் ஓர் ஒழுங்கு உண்டு, யாரும் வெளியிலிருந்து வந்து அதை நடத்தத் தேவையில்லை என்பதை நீதிமன்ற மொழியில் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் சரி. ஆனால் தன்மையே இல்லாத ஒன்றிலிருந்து வெப்பமும் குளிர்ச்சியும் எப்படிப் 'பிரிந்து' வரும்? அனாக்ஸிமாண்டர் விட்டுவைத்த இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் மூன்றாவது மிலேட்டஸ்காரர், அனாக்ஸிமினஸ். முதற்பொருள் காற்று என்றார். பட்டியலில் மட்டும் பார்த்தால் இது பின்வாங்கல். நீருக்குப் பதில் காற்று, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அவர் முந்திய இருவரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார்: மாற்றம் நடக்கும் வழி. காற்று நெகிழ்ந்தால் நெருப்பு. செறிந்தால் வீசும் காற்று, இன்னும் செறிந்தால் மேகம், அப்புறம் நீர், மண், கல். பொருள்களுக்குள் வேறுபாடு வகையில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது.

இதற்கு அவர் சொன்ன சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். உதட்டைக் குவித்து உள்ளங்கையில் ஊதுங்கள், குளிரும். வாயை அகலத் திறந்து ஊதுங்கள், சூடாக இருக்கும். அழுத்தினால் குளிர்ச்சி, தளர்ந்தால் வெப்பம் என்று அவர் முடிவு கட்டினார். உண்மையில் காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். குவித்து ஊதும்போது வேகமான காற்று சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால்தான் குளிர்கிறது. முடிவு தலைகீழாகப் போய்விட்டது, ஆனால் பிரபஞ்சத்தைப் பற்றிய கருத்துக்குத் தன் மூச்சிலேயே சான்று தேடியிருக்கிறார்.

கி.மு. 494இல் பாரசீகர்கள் மிலேட்டஸை அழித்தார்கள். அதற்கு முன்பே பேச்சு மற்ற ஊர்களுக்குப் பரவியிருந்தது. கொலோஃபோன் ஊர் செனோபனஸ், மலைமேல் கிடைத்த சிப்பிகளையும் சிராக்யூஸ் கல்குவாரிகளில் தெரிந்த கடல் உயிர்களின் தடங்களையும் காட்டி, நிலம் ஒரு காலத்தில் சேறாக இருந்தது, மீண்டும் சேறாகும் என்றார். மாடுகளுக்குக் கையிருந்தால் மாட்டு உருவத்தில்தான் தெய்வங்களை வரையும் என்று சொன்னதும் இவர்தான். எபேசஸ் நகரத்து ஹெராக்ளிடஸ், இந்த உலகத்தை எந்தத் தெய்வமும் எந்த மனிதனும் ஆக்கவில்லை என்றார். அது என்றும் இருந்தது, இருக்கிறது, இருக்கும். அளவோடு மூண்டு அளவோடு அவியும் உயிருள்ள நெருப்பு. அவருடைய நெருப்பைத் தேலீஸின் நீரோடு ஒரே வரிசையில் வைப்பது சரியாகாது. பொன்னைக் கொடுத்துச் சரக்கு வாங்குவதுபோல எல்லாம் நெருப்புக்கு மாற்றாகின்றன என்கிறார். அவருக்குத் தொடக்கம் முக்கியமில்லை. ஓயாத மாற்றமும் அந்த மாற்றத்தின் அளவும்தான் முக்கியம். பித்தாகரஸின் வழிவந்தவர்கள் தெற்கு இத்தாலியில் எண்களிடம் விடை தேடினார்கள். அது தனிக்கதை, இங்கே அதற்குள் போக வேண்டாம்.

அடுத்து வந்தவர் எல்லாருடைய காலுக்குக் கீழிருந்தும் தரையை உருவிவிட்டார். தெற்கு இத்தாலியில் எலியா என்ற ஊரைச் சேர்ந்த பார்மெனிடஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒரு தேவி தனக்கு உபதேசிப்பதாகச் செய்யுளில் எழுதினார். ஹெசியடைப்போலவே தெய்வ வாக்குதானே என்று நினைக்கலாம். ஆனால் இந்தத் தேவி கதை சொல்வதில்லை. தன் வாதத்தைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறாள்.

அவள் வாதம் எளிது. 'இல்லாதது' என்பதைப் பற்றி நினைக்கவும் முடியாது, பேசவும் முடியாது. அப்படியானால் இருப்பது இல்லாததிலிருந்து தோன்றியிருக்க முடியுமா? முடியாது. அப்படியே தோன்றியது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றுமே இல்லாத நிலையில், எந்தத் தேவை அதை இன்ன நேரத்தில் தோன்றத் தூண்டியது? ஏன் கொஞ்சம் முன்னால் இல்லை, ஏன் கொஞ்சம் பின்னால் இல்லை? பதில் கிடையாது. ஆகவே இருப்பது என்றும் இருப்பது. பிறப்பும் இல்லை, அழிவும் இல்லை. இதிலிருந்து இன்னும் மேலே போய், மாற்றமும் இல்லை, அசைவும் இல்லை, பன்மையும் இல்லை என்று முடித்தார். நாம் காணும் பிறப்பும் இறப்பும் மனிதர்கள் வைத்த வெறும் பெயர்கள்.

அனாக்ஸிமாண்டர் பூமியை நிறுத்திய அதே தர்க்கத்தைப் பாருங்கள், இங்கே காலத்தின்மேல் பாய்கிறது. இந்தப் பக்கம் நகரக் காரணம் இல்லை என்றால் நகராது. இந்த நேரத்தில் தொடங்கக் காரணம் இல்லை என்றால் தொடங்காது. 'உலகம் தொடங்குவதற்கு முன் என்ன இருந்தது, ஏன் அப்போது தொடங்கியது?' என்று இன்றைக்குப் பெருவெடிப்பைப் பற்றிக் கேட்பவரும் பார்மெனிடஸின் கேள்வியைத்தான் கேட்கிறார்.

முடிவு அபத்தம், கண்முன் எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் வாதத்தை உடைக்க முடியவில்லை. அடுத்த தலைமுறை செய்தது ஒரு சமரசம். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே இருப்பவை கூடலாம், பிரியலாம், அதைத்தான் நாம் பிறப்பு, இறப்பு என்கிறோம் என்றார்கள். இதை மூன்று விதமாகச் செய்தார்கள்.

சிசிலித் தீவின் எம்பெடாக்ளிஸ், நிலம், நீர், காற்று, நெருப்பு நான்கையும் அழியாத வேர்கள் என்றார். ஐம்பூதம் கேட்டு வளர்ந்த நமக்கு ஒன்று குறைகிறதே என்று தோன்றும். ஐந்தாவதாக ஒரு பொருளை, விண்கோள்களுக்கு மட்டும் உரியதாகச் சேர்த்தவர் பின்னால் வந்த அரிஸ்டாட்டில். எம்பெடாக்ளிஸுக்கு நான்கு போதும். ஓவியர் சில வண்ணங்களைக் குழைத்து மரம், மனிதர், பறவை எல்லாம் வரைவதில்லையா என்று கேட்டார். கலப்பது அன்பு, பிரிப்பது பகை. அன்பு முழுதாக ஆளும்போது எல்லாம் ஒரே கோளமாகக் கிடக்கும். பகை நுழைந்து பிரிக்கும். இந்தச் சுழற்சியின் இடையில் உலகங்கள் உண்டாகும். கழுத்தில்லாத தலைகளும் தோளில்லாத கைகளும் தனித்தனியாக அலைந்து, கூடி, பொருந்தியவை மட்டும் பிழைத்த ஒரு காலத்தையும் வர்ணிக்கிறார். படிக்கக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும்.

கிளாசோமெனே ஊரிலிருந்து ஏதென்ஸ் வந்து குடியேறிய அனாக்ஸகோரஸுக்கு நான்கு போதவில்லை. உண்ட ரொட்டி எப்படிச் சதையாக, எலும்பாக, முடியாக ஆகிறது? ரொட்டிக்குள் அவை ஏற்கெனவே இருந்தால்தான் முடியும். எனவே எல்லாவற்றிலும் எல்லாமே கொஞ்சம் இருக்கிறது. ஆதியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. 'நூஸ்' என்ற அறிவு அதைச் சுழற்றிவிட்டது. சுழற்சியில் கனமானவை நடுவிலும் இலேசானவை வெளியிலும் ஒதுங்கின. சூரியன் தெற்குக் கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தைவிடப் பெரிய, பழுக்கக் காய்ந்த கல், நிலவொளி சூரியனிடமிருந்து வருவது என்றும் சொன்னார். சூரியனைக் கல் என்றதற்காக ஏதென்ஸில் தெய்வநிந்தனை வழக்கு வந்தது. லாம்ப்சக்கஸ் நகரத்துக்குப் போய் அங்கேயே இறந்தார். 'அறிவு' என்ற சொல்லைக் கேட்டு ஆசையோடு அவர் நூலைப் பிடித்த சாக்ரட்டீஸ், உள்ளே காற்றும் நீரும்தான் வேலை செய்கின்றன, அறிவுக்கு வேலையே இல்லை என்று ஏமாந்துபோனதாகப் பிளாட்டோ எழுதுகிறார்.

மூன்றாவது வழி லூசிப்பஸும் அவருக்குப் பின் அப்டீரா நகரத்து டெமாக்ரிடஸும் காட்டியது. பார்மெனிடஸ் 'இருப்பது' என்று சொன்ன அந்த மாறாத, பிரிக்க முடியாத ஒன்றை எடுத்து, எண்ணற்ற சிறு துண்டுகளாக ஆக்கிவிட்டார்கள்: அணுக்கள். அவை அசைய இடம் வேண்டுமே? 'இல்லாதது' என்று அவர் தடை செய்த வெற்றிடத்தையும் உள்ளே விட்டார்கள். எல்லையற்ற வெளியில் அணுக்கள் மோதிச் சுழல்கின்றன. ஒரு சுழலில் ஒத்தவை ஒத்தவற்றோடு சேர்கின்றன. சல்லடையில் போட்டுச் சுற்றினால் பருப்பு பருப்போடும் கோதுமை கோதுமையோடும் ஒதுங்குவதையும், கடற்கரையில் நீளக் கற்கள் ஒரு பக்கமும் உருண்டைக் கற்கள் ஒரு பக்கமும் சேர்வதையும் டெமாக்ரிடஸ் உதாரணம் காட்டினார். அப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் மண்ணும் கடலும் வானமும். அன்பு, பகை, அறிவு எதுவும் தேவைப்படவில்லை.

வெளிக்கு எல்லை இல்லை, அணுக்களுக்குக் கணக்கில்லை என்றால் ஒரே ஒரு உலகம் மட்டும் ஏன் உண்டாக வேண்டும்? உண்டாகவில்லை என்றார் டெமாக்ரிடஸ். உலகங்கள் எண்ணற்றவை. சிலவற்றில் சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. சிலவற்றில் நம்முடையதைவிடப் பெரியவை. சிலவற்றில் எண்ணிக்கையே அதிகம். சில வளர்கின்றன, சில தேய்கின்றன, சில ஒன்றோடொன்று மோதி அழிகின்றன. உயிரும் ஈரமும் அறவே இல்லாத உலகங்களும் உண்டு.

அணுக்கள் ஏன் அசையத் தொடங்கின என்று அரிஸ்டாட்டில் கேட்டார். அதற்கு இவர்கள் காரணம் சொல்லவில்லை என்பது அவருடைய பெரிய புகார். அசைவு என்றும் இருந்தது என்பதுதான் அணுவாதிகளின் பதில். பிளாட்டோவுக்கும் இது பிடிக்கவில்லை. 'டிமேயஸ்' உரையாடலில் ஒழுங்கற்ற பொருளை எடுத்து அழகான உலகமாகச் செய்யும் தெய்வக் கைவினைஞரைக் கொண்டுவந்தார். அரிஸ்டாட்டில் அந்தக் கைவினைஞரையும் ஏற்கவில்லை. உலகம் தொடங்கவே இல்லை, முடியப்போவதும் இல்லை, தோற்றத்தைத் தேடுவதே தவறு என்று கேள்வியையே தள்ளுபடி செய்தார். அவருக்கு முன் யார் யார் என்னென்ன சொன்னார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று 'மெட்டாபிசிக்ஸ்' முதல் புத்தகத்தில் வரிசையாக எடுத்து விவாதிக்கிறார். தேலீஸின் நீர் நமக்குத் தெரியவந்தது அந்தப் பக்கங்களிலிருந்துதான்.